ஏழு புள்ளிக்கு ஒரு கார்

கானாடுகாத்தானில் அந்த வீட்டைப் பங்கு வைத்தபோது
தேக்குத் தூணுக்குச் சண்டை இல்லை.
தூணுக்கு விலை தெரியும். எண்ணி எழுதிவிட்டார்கள்.
இரும்புப் பெட்டியின் அடியில்,
ஈப்போ பிஸ்கட் டப்பாவுக்குக் கீழே
பிரிக்காத ஒரு அட்டைப்பெட்டி கிடைத்தது,
அதுதான் வினை.

மூடியில் மழை நனைத்த சாலை, சிவப்புக் கார்,
ஓரத்தில் ஜப்பான் எழுத்து.
உள்ளே கார் இல்லை.
இருபத்துநாலில் ஒன்று அளவில்
தொண்ணூற்றிரண்டு துண்டுகள்,
பிளாஸ்டிக் காம்பில் சுண்டைக்காய் மாதிரி.
எந்தப் பையனுக்கோ வாங்கியது.
அவன் கேட்டது கிரிக்கெட் மட்டையாக இருந்திருக்கும்.

செல்போனில் தேடி ஒருத்தர் விலையைச் சொன்னார்.
விற்றுப் பிரிப்போம் என்றார் அடைக்கப்பன்.
விற்கக் கூடாது என்றார் பெரியணன்.
பந்தியில் சாம்பார் ஆடை கட்டியது.
சாயங்காலம் ஐந்து மணிக்கு
யாரோ நகவெட்டி கொண்டுவரச் சொன்னார்கள்.

ஏழு புள்ளி.
புள்ளிக்குப் பதின்மூன்று துண்டு.
மிச்சம் ஒன்று: ஸ்டீயரிங்.
அதற்குச் சீட்டுக் குலுக்கினார்கள்.

நான் பல்செட் செய்கிறவன்.
செக்காலை ரோட்டு மாடியில் பகலெல்லாம் அடுத்தவர் கடைவாய்,
ராத்திரியில் கார் கிட்.
அந்தப் பெட்டியை ஒரு மங்கலான போட்டோவில்
பத்து வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அது பதினைந்து கிலோமீட்டரில் இருந்ததும்
வெட்டுப்பட்டதும்
ஒரே வாக்கியத்தில் காதில் விழுந்தது.
எனக்குப் பல் வலித்தது.

ஆறு வருஷம் அலைந்தேன்.
பானெட் பள்ளத்தூரில், குங்குமத் தட்டாக.
ஒரு டயர் குரோம்பேட்டையில், பென்சில் முனையில்.
பின் அச்சால் ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார்;
கழுவித்தான் கொடுத்தார்.
முன் கண்ணாடிக்கு விலை
பெரியணனுக்கு மேல்தாடை முழு செட்.
கதவுகள் சிங்கப்பூரிலிருந்து கூரியரில் வந்தன,
கூடவே ஒரு கல்யாணப் பத்திரிகை.
அட்டைப்பெட்டியை மட்டும் அடைக்கப்பன்
சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.
"தர்றதுக்கில்லை. நின்னு பாத்துக்கங்க."
நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

தொண்ணூற்றொன்று சேர்ந்தது.

சீட்டு விழுந்தது உண்ணாமலைக்கு.
கோட்டையூரில் இன்சூரன்ஸ் ஏஜெண்ட், ஸ்கூட்டர் வைத்திருக்கிறார்.
மூன்று தடவை போனேன். நாலாவது தடவை காபி தந்தார்.
"எங்க அப்பா புள்ளிக்கு ஆம்பளப் பிள்ளை இல்லை.
ரெண்டு நாள் பேச்சுல என்னை ஒருத்தரும் கேக்கலை.
அந்தச் சீட்டுதான் என் பேரைச் சொல்லிக் கூப்புட்டுச்சு.
காசைப் பைக்குள்ள வைங்க."

ஸ்டீயரிங் என்ன, நாலணா அகல வளையம்.
பல் அச்சு எடுக்கிற மாவும் அக்ரிலிக்கும் இருந்தால்
நாற்பது நிமிஷ வேலை.
ஒன்று செய்தும் பார்த்தேன்.
விரல் பிடிக்கும் பள்ளம்வரை அப்படியே வந்தது.
டிராயரில் கிடக்கிறது,
ஈறு நிறத்தில்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை
உண்ணாமலை மாடியேறி வருகிறார்.
பாலிசி ரசீதுகளுக்கு நடுவே
மருந்துக்கடை உறை, அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் அது.
இடுக்கியால் வாங்கி வைக்கிறேன்.
மூச்சை அடக்கிக்கொண்டு குனிகிறார்,
ஜன்னல் வழியாக ஓட்டுநர் பக்கம் பார்க்கிறார்.
போன தடவை சொன்னார்:
"சீட்டை இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளியிருக்கலாம்.
எனக்குக் கால் எட்டாது."

தள்ளி வைத்திருக்கிறேன்.
ஒட்டியதைப் பெயர்த்ததில்
தரையில் ஒரு கீறல். விலை பாதி போயிருக்கும்.

இன்று பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
வளையத்தை எடுத்தார்; பஞ்சு, உறை, பை.
படியிறங்கும் சத்தம்.
கீழே ஸ்கூட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு
மூன்றாவதில் பிடித்தது.